மலிவின் விலை

பிரயாணம் மனிதனுடைய அறிவை விசாலப்படுத்தும் என்பதை மறுப்பார் இல்லை. அதிலும் குறைந்த செலவில் பிரயாணம் செய்வது மேலானது என்று பலர் கருதுகின்றனர். பெரிய ஓட்டலில் தங்கிப் பணத்தை இறைப்பவனைக் காட்டிலும், முதுகில் ஒரு பையைச் சுமந்து, பஸ்ஸிலும் படகிலும் ஏறி இறங்கி, கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் உறங்குகிறவனே ஒரு தேசத்தை உள்ளபடி காண்கிறான் என்பது அவர்கள் வாதம். நானும் அக்கட்சியைச் சேர்ந்தவனே. ஆயினும், செலவு குறைந்தது என்று நாம் மகிழும்போது, அது எவரிடமிருந்து குறைந்தது என்று கேட்டுப் பார்க்கிறோமா? இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து பிறக்கவில்லை. ஓர் ஆற்றின் நடுவே, ஒரு தோணியில் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. நான்கு ஆண்டுகள் மிச்சம் பிடித்த போனஸ் பணத்தைக் கொண்டு, 2023-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள கயானா என்னும் சிறு நாட்டுக்குப் போனேன். "காசிக்குப் போகலாம், லண்டனுக்குப் போகலாம், அங்கே என்ன இருக்கிறது?" என்று வீட்டார் கேட்டனர். கோலாலம்பூரின் ஜனத்தொகையில் பாதிகூட இல்லாத நாடு அது. ஆனால் அங்கே வீராசாமி, நாகமுத்து, பெருமாள் என்னும் பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. நம் பாட்டன்மார் பினாங்குக்குக் கப்பலேறிய அதே சென்னை மாகாணத்திலிருந்து வேறு சிலர் அந்தக் கரைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு மறைந்துவிட்டது, மாரியம்மன் மறையவில்லை. அதைக் காண ஆசைப்பட்டேன்.

தலைநகரமாகிய ஜார்ஜ்டவுன் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த பூமியில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்திலிருந்து கரைகளும் மதகுகளுமே அதைக் காத்து வருகின்றன. அந்த வாய்க்கால்களையும் கரைகளையும் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1838-இல் அவர்கள் முழு விடுதலை பெற்று நியாயமான கூலி கேட்கும் காலம் நெருங்கியபோது, கரும்புத் தோட்டத் துரைமார் ஒரு யுக்தி செய்தனர். கேட்கத் தெரிந்தவனுக்குக் கொடுப்பதைவிட, கேட்க முடியாதவனைக் கொண்டுவருவது மலிவு என்று கண்டனர். அவ்வாண்டே இந்தியாவிலிருந்து முதல் கப்பல்கள் வந்தன. 1917 வரையில் வந்தவர் தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல்.

நகரத்திலிருந்து மினிபஸ்ஸில் கிழக்குக் கடற்கரை வழியே சென்றால் என்மோர் என்ற ஊர் வரும். அங்கே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. முன்னாளில் கரும்பு வெட்டுகிறவன் வெட்டிப் போடுவதோடு அவன் வேலை முடியும். பிறகு, வெட்டியவனே தலையில் சுமந்து வாய்க்காலில் நிற்கும் படகில் ஏற்றவும் வேண்டும் என்று முறை மாற்றப்பட்டது. இரண்டு வேலை ஒருவன் தோளில் விழுந்தது. அதை எதிர்த்து 1948-இல் வேலைநிறுத்தம் மூண்டது. ஜூன் 16-ஆம் நாள் போலீஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். அத்தூணின் முன் நின்றபோது என் இரத்தம் கொதித்தது. ஒருவனுக்குக் கூலி கொடுத்து இருவர் வேலையை வாங்குவது எத்தகைய ஈனம் என்று எண்ணினேன். நேயர்களே, இவ்வெண்ணத்தை மறவாதீர்கள். நான் மூன்றே நாளில் மறந்தேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் செம்மண் சாலையில் குலுங்கினேன். எசெக்குவிபோ நதியை மிதவையில் கடந்து, காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ரூபுனூனிப் பிரதேசத்தை அடைந்தேன். அங்கு வாழ்பவர் மக்கூஷி என்னும் பூர்வகுடிகள். தோணியில் ஆற்றின் மேல்புறம் சென்று வர ஒருவரிடம் விலை பேசினேன். அவர் ஆறாயிரம் கயானா டாலர் கேட்டார். நம் கணக்கில் நூற்றிருபது வெள்ளிக்குச் சற்று மேல். நான் நான்காயிரம் என்றேன். அவர் ஆற்றைப் பார்த்தார். மழைக்காலம் முடிந்து நெடுநாள் ஆகியும் பிரயாணிகள் அதிகம் வரவில்லை என்பதை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். கடைசியில், "சரி" என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் தோணி புறப்பட்டது. முன்புறத்தில் ஒரு துடுப்புச் சும்மா கிடந்தது. பின்புறத்தில் அவர் ஒருவரே இருந்து வலித்தார். மேல்நோக்கி மூன்று மணி நேரம். உச்சி வெயிலில் திரும்பும் வழி வேறு. இடையில் அவர் கையை நீரில் நனைத்து நனைத்து எடுத்ததைக் கண்டு, "அந்தத் துடுப்பு யாருக்கு?" என்று கேட்டேன். அவர் கோபமின்றிச் சொன்னார்: "என் தம்பிக்கு. ஆறாயிரத்துக்கு இருவர் வருவோம். நான்காயிரத்துக்கு ஒருவர்தான் வர முடியும்."

என்மோர்த் தூண் என் கண்முன் வந்து நின்றது. அங்கே துரைமார் செய்ததை இங்கே கிராணி செய்திருந்தான். நான் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அது ஒரு தம்பியின் ஒரு நாள் கூலி. ஓர் அண்ணனின் தோள்வலி.

அன்று மாலை அவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நஞ்சுள்ள மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பின்னிய நீண்ட குழாயில் இட்டுச் சாற்றைப் பிழிந்தெடுத்து, சக்கையை வறுத்த குருணையும், ஆற்று மீனும் பரிமாறினார்கள். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த கதையை என் பாட்டி சொல்லக் கேட்டவன் நான். அச்சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவ்வுணவுக்கு அவர்கள் காசு வாங்கவில்லை. விலை பேசிய என்னிடம் அவர்கள் விருந்தை விலை பேசவில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. முதலாவது, அவர் மனமொப்பித்தானே சம்மதித்தார் என்பர். வேறு வாடிக்கையில்லாதவனுடைய சம்மதம் சம்மதமாகுமா? கப்பலேறுமுன் கைநாட்டு வைத்த நம்மவரும் சம்மதித்தவர்கள் என்றே அக்காலத்து ஏடுகள் கூறும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலிமையுடையது. கேட்டதற்கெல்லாம் அள்ளிக் கொடுத்தால் ஊர் விலை ஏறும்; அவ்வூரார் தாமே அப்பண்டத்தை வாங்க முடியாமற் போகும்; விருந்தும் வியாபாரமாகிவிடும் என்பர். இது மெய்யே. 2019-இன் இறுதியில் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பின், பணமுள்ள அந்நியர் கூட்டத்தால் ஜார்ஜ்டவுனில் வாடகை ஏறியதை அங்குள்ளோர் என்னிடம் முறையிட்டனர். ஆகையால் வாரி வழங்குவது தீர்வாகாது. அதிலும் ஓர் அகம்பாவம் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, ஓட்டல் முதலாளிக்குப் போகும் பணத்தைவிட, ஏழைப் பிரயாணியின் காசு நேரே கிராமத்தானின் கைக்குப் போகிறதல்லவா என்பர். ஆம், அக்காரணத்தாலேயே அதை அக்கையிலிருந்து பிடுங்குவது பெரும்பிழையாகிறது.

எனவே சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் உள்ள எல்லையை நான் இவ்வாறு வகுத்துக்கொண்டேன். என் சௌகரியத்தைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது சிக்கனம். பிறனுடைய கூலியைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது உலோபம். பெயரை மாற்றிச் சொன்னால் சுரண்டல். மெத்தைக்குப் பதில் தொங்கு தொட்டிலில் படுக்கலாம், விமானத்துக்குப் பதில் மினிபஸ்ஸில் குலுங்கலாம், இருவேளை உண்ணலாம். அவை என் உடம்பின் கணக்கு. ஆனால் துடுப்பு வலிப்பவன், சமைப்பவள், மூட்டை தூக்குபவன் ஆகியோருடைய கூலி என் கணக்கன்று. உள்ளூரார் கொடுப்பது யாதென்று விசாரித்து, அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாவிடில் அந்தத் தோணியில் ஏறாதிருக்க வேண்டும். ஆற்றைக் கரையிலிருந்து பார்ப்பதற்குக் காசு கேட்பவர் இல்லை.

விடைபெறும் காலையில் இரண்டாயிரத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் நன்றி சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. எண்ணிப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். தர்மம் வாங்குகிறவர் முகம் அன்று அது. பாக்கியை வசூலித்தவர் முகம். அதுவே எனக்கு ஆறுதலாயிற்று.

ஊர் திரும்பிய பின் என் மேசையிலுள்ள பேரேடு என்னைச் சும்மா விடவில்லை. செம்பனைக் குலையை வெட்டுகிறவன் பெயர் அதில் இருக்கிறது. கீழே சிதறும் உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்கி மூட்டை கட்டும் அவன் மனைவியின் பெயர் இல்லை. எடை முழுவதும் அவன் பேரில் ஏறுகிறது. இருவர் உழைப்புக்கு ஒரு வரி. பத்து ஆண்டுகளாக அவ்வரியை எழுதியவன் நானே. அப்பெண்ணுக்குத் தனி வரி வேண்டுமென்று நிர்வாகியிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அந்தப் பதிலின் பொருள் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாதந்தோறும் கேட்டு வருகிறேன்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள அன்பர்களே! நாம் மலிவாக ஒன்றை வாங்கும்போதெல்லாம், முன்புறத்தில் சும்மா கிடக்கும் ஒரு துடுப்பு எங்கேனும் இருக்கிறதா என்று பார்ப்போமாக. இருந்தால், அங்கே உட்கார வேண்டியவர் யார் என்று கேட்போமாக. இதற்குக் கயானா வரை போக வேண்டியதில்லை. நான் போனேன், எனக்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது.