அறத்தொடு நிற்றல்

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் குளக்கரை. ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய சீடர், விடுப்பு நாட்களில் தமக்குத் தமிழ் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் அருகில் அமர்கிறார்.

சீடர்: ஐயா, ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறை. ஒரே போனில் கூடி உட்கார்ந்து ‘சுழல்’ தொடரைப் பார்த்து முடித்தோம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

குரு: புஷ்கர்–காயத்ரி எழுதி 2022 ஜூனில் வந்தது. நானும் பார்த்தேன் அம்மா. எந்த இடம் உன்னைப் பிடித்துக்கொண்டது?

சீடர்: தொழிற்சாலை எரிகிற அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போகிறாள். அவள் காதலித்த அதிசயம், இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகன். அவள் அப்பா சங்கக் கொடி பிடிப்பவர், அவன் அம்மா லத்தி பிடிப்பவர். இரண்டு வீடும் முகம் கொடுத்துப் பேசாது. கடைசியில் பிள்ளைகள் பிணமாகத்தான் கிடைக்கிறார்கள். அவர்கள் காதலித்தது தவறா?

குரு: பெற்றோர் அறியாமல் காதலனோடு போவதற்கு உடன்போக்கு என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. போன மகளைப் பாலை வழியில் தேடி அலையும் செவிலித்தாயின் துயரத்தையும் நம் புலவர்கள் பாடினார்கள். இரண்டு பக்கத்து வலிக்கும் அங்கே இடம் இருந்தது. அது இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளைக் கொன்றது யார்?

சீடர்: சண்முகத்தின் உடன்பிறந்தவன், குணா.

குரு: ஊர் யாரையெல்லாம் சந்தேகித்தது?

சீடர்: வெளியில் இருந்த எல்லோரையும். வீட்டுக்குள் இருந்தவனை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

குரு: ‘நம்ம ஆள் அப்படிச் செய்ய மாட்டான்’ என்ற விசுவாசம் கண்ணைக் கட்டிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையையும் பார். அவனுக்கு ரெஜினா மேலதிகாரி மட்டுமா? தாய்போல ஆளாக்கியவள். நன்றி ஒரு பக்கம் இழுக்கிறது, காக்கி ஒரு பக்கம் இழுக்கிறது. அந்தக் கதையில் கெட்டவர்களைவிட அதிகம் தவிப்பவர்கள் விசுவாசிகள்தான்.

சீடர்: நிலாவின் அக்கா நந்தினிக்குக் குணாவைத் தெரியுமே. சிறு வயதில் அவளுக்கு நடந்த பாலியல் கொடுமைதானே தங்கைக்கும் நடந்தது? முன்பே சொல்லியிருந்தால்?

குரு: அந்தப் பழியை அவள் தலையில் வைக்காதே. குழந்தைக்கு வாய் இருந்தது, கேட்க ஒரு காது இருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் வீடு கொடுக்கவில்லை. குடும்ப மானம் என்று பெரியவர்கள் கட்டுகிற சுவருக்குள் அகப்படுவது குழந்தைகள். சரி, நீ இரவெல்லாம் விழித்திருப்பது நந்தினிக்காகவா?

சீடர் சற்று நேரம் பேசவில்லை.

சீடர்: என் அறைத்தோழிக்காக ஐயா. அவள் தெற்கத்திப் பெண். கூட வேலை பார்க்கும் பையனை விரும்புகிறாள். வேறு சாதி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். போன வாரம் அவள் அண்ணன் ஹாஸ்டல் கேட்டில் வந்து நின்று, ‘அவ யார்கிட்ட பேசுறா?’ என்று கேட்டான். தெரியாது என்றேன். அவள் அம்மா ஊரிலிருந்து எனக்கும் சேர்த்து முறுக்கு கொடுத்தனுப்புகிறவர். ‘நீதாம்மா எம்புள்ளயப் பாத்துக்கணும்’ என்கிறார். நான் யாருக்கு உண்மையாக இருப்பது?

குரு: இந்த ஊரில் பிறந்த இராமானுசரை நினைத்துப் பார். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து போய் மந்திரப் பொருள் பெற்றார். வெளியே சொல்லக்கூடாது என்பது ஆணை. அவரோ ஊரைக் கூட்டிச் சொன்னார். குருவுக்குத் துரோகம் செய்தவனுக்கு நரகம் என்று நம்பி சொன்னபோது, இத்தனை பேர் கரையேற நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். நம்பி அவரை எம்பெருமானார் என்று அழைத்துத் தழுவிக்கொண்டார் என்பது வைணவ மரபு.

சீடர்: ஐயா, மன்னிக்க வேண்டும். அவர் வாக்கை மீறினார், தண்டனையையும் தாமே ஏற்றார். நான் மீறினால் நரகம் அவளுக்கல்லவா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த சங்கரைப் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டினார்களே!

குரு: நீ சொல்வதுதான் சரி. என் உவமை உன் தோழியின் உயிருக்கு ஈடுகொடுக்காது. அப்படியானால் சங்க இலக்கியத் தோழியிடம் போவோம். தலைவியின் களவுக் காதலை உரியவரிடம் வெளிப்படுத்துவதற்கு இலக்கணம் என்ன பெயர் வைத்தது?

சீடர்: அறத்தொடு நிற்றல்.

குரு: காட்டிக்கொடுத்தல் என்று வைக்கவில்லை, பார். ஏன்? தோழி தலைவியின் மனம் அறிந்து பேசுகிறாள். காதல் கைகூட வேண்டும் என்பதற்காகப் பேசுகிறாள். முதலில் செவிலியிடம் பேசுகிறாள், ஆத்திரத்தோடு நிற்கும் அண்ணனிடம் அல்ல. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அது அறம் ஆகாது.

சீடர்: அப்படியானால் அண்ணனிடம் மறைத்தது பொய் இல்லையா?

குரு: அரிவாள் வரக்கூடிய வழியில் நின்று கதவைச் சாத்தியிருக்கிறாய். ஆனால் அதோடு உன் வேலை முடிந்துவிடவில்லை. நீங்கள் இரண்டே பேர் சுமக்கிற ரகசியம் ஆபத்தானது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு தொழிலாளர் விடுதியில் சாப்பாடு நஞ்சாகிப் பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது என்ன நடந்தது?

சீடர்: சீனியர் அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள். போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல், இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவி, பெங்களூர் ரோட்டையே மறித்தார்கள்.

குரு: தெரியாத இடத்தில் பயம் குடியேறிவிடும். அந்த அண்ணனின் தலைக்குள்ளும் இப்போது அதுதான் நடக்கிறது.

சீடர்: 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, சம்பளத்தோடு சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லியும்தானே உட்கார்ந்தார்கள்? மறுவருடம் சங்கம் பதிவானது. அதுபோல, வெளிப்படையாக ஏற்கப்படாமல் ஒளித்து வைத்த உறவுக்குப் பலம் இல்லை என்கிறீர்களா?

குரு: அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திக்கொண்டாய். ஆனால் அவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். உன் தோழி ஒருத்தி. அவளுக்கும் துணை நிற்கும் ஒரு பந்தல் வேண்டும். அவள் வீட்டில் மனம் இளகியவர் யார்? அத்தையா, தாத்தாவா? ஒருவருமே இல்லையென்றால் சட்டம் இருக்கிறது. சாதி மாறி மணக்கும் தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்னது. பெண்களுக்கான 181 எண்ணையும் எழுதிக்கொடு.

சீடர்: நானே அவள் அம்மாவிடம் பேசிவிடட்டுமா?

குரு: கேட்க வேண்டியது என்னிடமா?

சீடர்: இல்லை ஐயா. அவளிடம்.

குரு: எப்போது வருவாள்?

சீடர்: இன்று செகண்ட் ஷிப்ட். ஹாஸ்டலுக்கு வர நள்ளிரவாகும். அதுவரை விழித்திருப்பேன்.

குரு: இப்போது போய்த் தூங்கு. அவள் வந்ததும் முதலில் சாப்பிட வை. பிறகு, ‘உனக்காக நான் யாரிடம் பேசட்டும்?’ என்று கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, நாளைக்கும் கேள். நானும் வரவேண்டும் என்று அவள் நினைத்தால் சொல், எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வருகிறேன்.