அந்த மாமா திட்டுவார்!

ரயிலில் முன் இருக்கையை உதைத்துக்கொண்டே வரும் பிள்ளையிடம், "சும்மா இரு, அந்த மாமா திட்டுவார்" என்கிறோம். மாமா பாவம், பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவரே பொறுக்க முடியாமல் திரும்பி, "தம்பி, உதைக்காதே" என்று சொல்லிவிட்டாலோ, "என் பிள்ளையைச் சொல்ல நீங்க யாரு?" என்று எகிறுகிறோம். பூச்சாண்டி வேலைக்கு அவரை அமர்த்தியதே நாம்தான்!

சொல்வது வேறு, கை வைப்பது வேறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியிலேயே பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிறது. வழிப்போக்கருக்கு அடிக்க உரிமை ஏது? கை ஓங்கினாலோ, கெட்ட வார்த்தை சொன்னாலோ, பிள்ளையின் பக்கம் நின்று தடுக்கத் தயங்கவே வேண்டாம்.

வெறும் கண்டிப்பு என்றால், முதலில் பிள்ளை என்ன செய்தது என்று பார்க்கலாம். பல நேரம் நம்மைச் சுடுவது பிள்ளை திட்டு வாங்கியது அல்ல, 'வளர்ப்பு சரியில்லை' என்று நாலு பேர் நினைப்பார்களே என்பதுதான். "மன்னிச்சுக்குங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரைத் திருப்திப்படுத்தவென்று பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பது மட்டும் கூடவே கூடாது. ஏன் சொன்னார் என்பதைக் காதோடு சொன்னால் போதும். சின்னப் பிள்ளைக்குக் கால் தரைக்கு எட்டாது, அதனால் ஆடிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரம் மாற்றி, சம்மணம் போட்டு உட்காரவைத்தால் பாதி உதை தானாக நின்றுவிடும்.