பசித்தவர் வைத்த உலை

2023 ஏப்ரல் 15 அன்று சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் எனும் துணைராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. மாதம் முடிவதற்குள் பல தூதரகங்கள் பூட்டப்பட்டன. ஐ.நா. அலுவலர்களும் பெரும்பாலோர் தலைநகரை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குண்டு அடையாள அட்டை பார்த்து விழுவதில்லை. ஆனால் போக வழியற்ற லட்சக்கணக்கானோருக்கு மறுநாளும் பசித்தது.

உலை வைத்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்களே. அதிபர் ஒமர் அல் பஷீரை 2019இல் வீழ்த்திய போராட்டத்தின்போது தெருவுக்குத் தெரு குழுக்கள் இருந்தன. போர் வந்ததும் அந்த இளைஞர்களில் பலர் ‘அவசரகால உதவி அறைகள்’ என்று கூடினார்கள். வழிப்போக்கருக்குச் சோறு போட்ட சூஃபி மடங்களின் பழைய வழக்கம் ‘தகாயா’ என்ற பெயரோடு தெருமுனைக் கஞ்சித்தொட்டிகளாக உயிர் பெற்றது. அண்டாவில் ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் ஃபூல் பயறு, சில நாள் வெறும் சோளக் களி. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கைபேசி வழியே அனுப்பும் பணம் வந்தால்தான் அன்றைய அடுப்பு எரியும். இணையம் துண்டிக்கப்பட்டால் அதுவும் இல்லை.

கரண்டி பிடித்தவரின் வீட்டிலும் அரிசிப் பானை காலிதான். உதவி அறிக்கைகளில் கொடுப்பவருக்கு ஒரு கட்டம், வாங்குபவருக்கு ஒரு கட்டம் என்று பிரித்திருப்பார்கள். இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெரிய நிதி வழங்குவோர் கேட்பது பதிவு எண், வங்கிக் கணக்கு, ரசீது. முற்றுகைக்குள் இருக்கும் தெருவில் யார் ரசீது தருவார்? இரு தரப்புப் படையும் இந்த உதவி அறைக்காரர்களை எதிரியின் ஆள் என்று சந்தேகித்தன. பலரைப் பிடித்துச் சென்றன, சிலரைக் கொன்றன. உயிரையே ஈடு வைத்தவர்களிடம்தான் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தோம். காகிதம் எல்லாம் சரியாக இருந்த லாரிகள் எங்கே இருந்தன? 2024 பிப்ரவரியில் மூடப்பட்ட சாட் எல்லையின் அத்ரே வழி ஆகஸ்டில்தான் திறந்தது. அதே ஆகஸ்டில் டார்ஃபூர் பகுதியில் இடம்பெயர்ந்தோர் இருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று நிபுணர் குழு அறிவித்தது.

இதைச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் உண்டு. ‘அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று கையைக் கட்டிக்கொள்ள இது நல்ல சாக்கு. அப்படி இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது சூடானில் நூற்றுக்கணக்கான கஞ்சித்தொட்டிகளின் அடுப்புகள் அணைந்தன. முற்றுகையிடப்பட்ட டார்ஃபூர் நகரமான அல் ஃபஷீரில் மக்கள் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள். அங்கேயும் அது ஆடுமாடுகளுக்கு வைப்பதுதான். வெறும் ஒற்றுமையைக் கொதிக்க வைத்து யாரும் குடிக்க முடியாது. வெளியிலிருந்து பணம் வந்தாக வேண்டும்.

ஆனால் எந்த வீட்டுக் கிழவியால் வரிசைக்கு நடந்துவர முடியாது, எந்த வீட்டில் பால் வற்றிய தாய் இருக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். பணத்தைக் கொடுத்துவிடுகிறோம், அதை எப்படிச் செலவழிப்பது என்கிற உரிமையைச் சேர்த்துக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை. வரிசையில் நிற்பவனை நம்மைப் போல அறிவுள்ளவன் என்று நம்பாத கொடையில் இரக்கம் இருக்கலாம், மரியாதை இல்லை. மரியாதை இல்லாதபோது கொடுத்ததும் பாதிதான் போய்ச் சேருகிறது.

2025இல் நார்வேயின் ராஃப்டோ பரிசு இந்த உதவி அறைகளுக்குக் கிடைத்தது. நல்லது. அதே ஆண்டு மார்ச்சில் கார்ட்டூம் மீண்டும் ராணுவத்தின் கைக்கு வந்தது. ஓடிப்போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். குழாயில் தண்ணீர் வர வேண்டும், மின்கம்பி இழுக்க வேண்டும், பள்ளி திறக்க வேண்டும். இனி மறுகட்டுமானம் என்ற பெயரில் பெரிய தொகைகள் பேசப்படும், பெரிய ஒப்பந்தங்கள் போடப்படும். எந்தத் தெருவில் முதலில் குழாய் போடுவது என்று அண்டா கழுவியவர்களிடம் கேட்டுத் தொடங்கலாம்.