நிரூபிக்க வேண்டியவர் யார்?

ஒரு சட்டம் நியாயமானதா என்று கேட்கும்போது, வழக்கமாக அதன் நோக்கத்தையே விசாரிக்கிறோம். பாராளுமன்றத்தில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், முகவுரை என்ன சொல்கிறது என்று பார்க்கிறோம். கொள்கையை வகுப்பதில்தான் அறமும் அநீதியும் உண்டு. நிறைவேற்றுவது படிவமும் முத்திரையும் சார்ந்த வேலை என்று எண்ணிவிடுகிறோம். இலங்கையின் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை வரலாறு இந்த எண்ணத்துக்கு நேரெதிரான சாட்சி. உண்மையை நிரூபிக்கும் சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்பதில்தான் ஒரு கொள்கையின் அறம் பெரிதும் தங்கியிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டும்படிதான் கேட்டது. லயத்தில் வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் அத்தகைய பத்திரம் இல்லை. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமோ உரிமையைக் கொடுப்பதாகவே சொன்னது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும்; இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாசிக்கையில் தாராளமான நிபந்தனைதான். ஆனால் அந்த வதிவுக்குச் சான்றான செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேடு தோட்டக் காரியாலயத்தில், தோட்டத் துரையின் பொறுப்பில் இருந்தது. தோட்டம் மாறியவரும் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்தவரும் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். மீதமிருந்தோரை 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும்.

இதே மலைகளில் 2003இல் நடந்தது வேறு. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டும் போகாமலே தங்கிவிட்டவர்களும் அவர்களது பிள்ளைகளும் அப்போதும் நாடற்றவர்களாக இருந்தார்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை அந்த ஆண்டு பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. ஆவணம் இல்லாதவருக்கு, சமாதான நீதவான் ஒருவர் உறுதிப்படுத்திய பிரகடனம் போதும் என்றாயிற்று. அரசும் தொழிற்சங்கங்களும் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஸ்தானிகராலயமும் தோட்டங்களுக்கே இறங்கி வந்தன. பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜைகளானார்கள். தோட்ட மக்களிடம் பத்திரம் திடீரென்று பெருகிவிடவில்லை. அரசுதான் அவர்கள் சொல்லை நம்புவதிலிருந்து தொடங்கியது.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டை நன்கு அறியும். மனுநீதிச் சோழனின் கதையை மகனையும் தண்டித்த நடுநிலைமைக்காகவே சொல்லிவருகிறோம். ஆனால் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவிடம் யாரும் சான்று கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முறையிடுவது அதன் பங்கு. உண்மையைத் தேடிக் கண்டறிவது அரசின் பங்கு. சிலப்பதிகாரத்தில் இது தலைகீழாகிறது. பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான். குற்றமின்மையை நிரூபிக்கும் சுமை கணவனை இழந்த கண்ணகியின் மேல் விழுந்தது. அவள் சிலம்பை உடைத்து நிரூபித்தும் விட்டாள். நிரூபணம் வெற்றி பெற்றும் நீதி கிடைக்கவில்லை, காலம் கடந்துவிட்டது. 1949க்குப் பின் பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்தே இறந்துபோனவர்களுக்கும் நேர்ந்தது அதுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எவர் கேட்டாலும் உரிமை கொடுத்தால் மோசடி பெருகாதா என்பது முதலாவது. சோதிப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் பிழையைத் தாங்குவது என்று எல்லாச் சோதனை முறையும் முன்பே முடிவெடுத்துவிடுகிறது. தகுதியற்ற ஒருவர் நுழைவதா, தகுதியுள்ள பலர் வெளியே நிற்பதா என்பது அறக் கேள்வி. அதை எழுதுவினைஞரின் கவனத்தால் தீர்க்க முடியாது. தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் விண்ணப்பங்களைப் புறக்கணித்ததும் இழப்புக்குக் காரணம் என்பது இரண்டாவது. காலம் வீணானது உண்மைதான். எனினும் விண்ணப்பித்தவர்களிலேயே பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டதை அது விளக்காது. மூன்றாவது மறுப்பே வலுவானது: 2003இல் அரசியல் விருப்பம் இருந்தது, அதனால் நடைமுறை எளிதாயிற்று, ஆகவே நோக்கம்தான் மூலம் என்பார்கள். நோக்கத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நோக்கத்தை எங்கே காண்பது? 1949இல் சொல்லும் செயலும் பிரிந்து நின்றன. எது உண்மையான நோக்கம் என்பதை நடைமுறைதான் காட்டிக்கொடுத்தது.

பிரஜாவுரிமையோடு இழந்த வாக்குரிமை மீண்ட பிறகும் இந்தக் கேள்வி தீரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபையை அமைக்கலாம், அந்தச் சபை அவர்களது பாதையைச் செப்பனிட முடியாது என்ற நிலை 2018இல்தான் திருத்தப்பட்டது. இன்று காணியும் வீட்டுறுதியும் பேசப்படுகின்றன. எத்தனை பேர்ச்சஸ் என்ற விவாதத்தோடு, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். லயத்தில் தலைமுறையாக வாழும் குடும்பம் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று திட்டம் வகுத்தால், அது 1949இன் வழி. குடியிருப்போரின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் வழியாக அரசே தயாரித்து, அதில் உள்ளவருக்கு உரிமை உண்டு என்று கொண்டு, ஆட்சேபிப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்று வைத்தால், அது 2003இன் வழி. இரண்டையும் இந்த நாடு தன் கையாலேயே செய்து பார்த்திருக்கிறது. அறியாமல் தவறினோம் என்று இனி எந்த அரசும் சொல்ல முடியாது.