மின்னலின் ஓசையும் நாத தத்துவமும்

மின்னலானது ஒளியும் இடியுமேயன்றி, நம் பொறிகட்கு எட்டாத வானொலி அலைகளையும் பிறப்பிக்கின்றது. அவற்றுள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுடையவற்றை நீண்ட கம்பியும் பெருக்கியுங் கொண்ட கருவியால் ஓசையாக்கிக் கேட்பார்க்கு, காய்ந்த ஓலை எரிவது போன்ற படபடப்புக் கேட்கும். ஒரோவழி, உச்சத்திலே தொடங்கித் தாழ்ந்து செல்லும் சீழ்க்கையுங் கேட்கும். முதலாம் உலகப்போரிற் பகைவரின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற பார்க்கௌசன் என்னும் ஜெர்மானியர் இச்சீழ்க்கையைக் கேட்டு, 1919இல் அதனை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஸ்டோரி என்பவர் 1953இல் அதன் காரணத்தை விளக்கினார். அவ்வலை பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றி ஆயிரக்கணக்கான மைல் மேலேறி, மறு கோளார்த்தத்தில் இறங்குகின்றது. உயர்ந்த அதிர்வுகள் முந்தியும் தாழ்ந்தவை பிந்தியும் வந்து சேர்தலின், ஓசை தாழ்ந்து வருகின்றது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தாரும் இதனைப் பதிவுசெய்துள்ளனர். நமது மல்லாவியோ காந்த நடுக்கோட்டை அடுத்திருத்தலின், ஈண்டு அக்கோடுகள் ஏறக்குறைய நிலத்துக்குச் சமாந்தரமாய்க் கிடக்கின்றன. ஆதலாற் சீழ்க்கை அரிது. சித்திரையிலும் ஐப்பசியிலும் வயல்மேல் முழங்கும் மின்னல்களின் படபடப்புக்கோ குறைவில்லை.

இவற்றைக் கேள்வியுற்ற அன்பர் சிலர், நாதமே சிவமென்பதற்கு விஞ்ஞானஞ் சான்று தந்ததென மகிழ்கின்றனர். மின்னல்களால் நிலத்துக்கும் அயனமண்டலத்துக்கும் இடையே நிகழும் ஏறத்தாழ 7.83 ஹேர்ட்ஸ் அதிர்வே பிரணவம் என்பாரும் உளர். இக்கூற்றுப் பொருந்துமோ எனின், பொருந்தாது. அவ்வதிர்வு மின்காந்த அலையேயன்றி ஒலியன்று. ஒலியேயாயினும், செவி கேட்கும் எல்லையாகிய 20 ஹேர்ட்ஸுக்குத் தாழ்ந்தது. நமது சாத்திரமும் இதற்கு இடந்தராது. நாதம் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று, சுத்த மாயையிற் றோன்றுவது, சடம். சிவபெருமான் நாதத்தையுங் கடந்தவன். நுண்ணிய நாதமே பதியாகாதெனின், பூதகாரியமாகிய மின்னலின் ஓசை பதியாதல் எங்ஙனம்?

பத்தி வளருமாயின் சிறிது மிகைபடக் கூறல் குற்றமாகுமோ எனின், குற்றமேயாம். இக்கூற்றை நம்பிச் சைவனாகிய மாணாக்கன், நாளைப் பௌதிகம் பயின்று அதன் பிழையை அறிவான். அறிந்தபின் அதனை மாத்திரமன்றிச் சிவத்தையும் ஐயுறுவான். பொய்த்தூண் நாட்டியவர் வீட்டையும் வீழ்த்தியவராவர்.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியால் நமக்குப் பயனில்லையோ? உண்டு. மனிதன் தோன்றுமுன்னரே அவ்வலைகள் இந்நிலத்தின்மேற் பரந்துகொண்டிருந்தன. உணர்த்துங் கருவியின்மையால் ஒருவருங் கேட்டிலர். உயிரும் அத்தகையதே. அருள் எங்கும் நிறைந்திருப்பினும், உணர்த்துவாரின்றி உயிர் தானே உணரமாட்டாது. இஃது உவமையேயன்றிப் பிரமாணமன்று. ஆசிரியராயினார் மின்னலைப் பௌதிக நூல்வழியும், சிவத்தைச் சித்தாந்த நூல்வழியும் பிள்ளைகட்குக் கற்பிப்பாராக. இரண்டும் மெய்யாகலின், ஒன்றற்கு மற்றொன்று பொய்ச்சான்று கூறவேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.