சம்பள நேரம் யாருடையது?



நம் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கு, நெய்த அளவுக்குத்தான் கூலி. தறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் செல்போன் பார்த்தால் அவருடைய கூலிதான் குறையும். ஜவுளி ஆபீஸில் கணக்கு எழுதுபவருக்கோ மாதச் சம்பளம். அவர் அரை மணி நேரம் பார்த்தாலும் சம்பளம் குறையாது. அப்படியானால் அந்த நஷ்டம் யாருக்கு?

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் அல்முதஃப்பிஃபீன். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது எச்சரிக்கிறது. தராசு கடைக்காரரிடம் மட்டுமில்லை, சம்பளம் வாங்கும் நம்மிடமும் இருக்கிறது. கூலி தராமல் கூடுதல் நேரம் வேலை வாங்கும் முதலாளியிடமும் இருக்கிறது.

அப்படியென்றால் ஆபீஸில் சிரிக்கவே கூடாதா? நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ழலா (ரலி), நபியவர்களின் சபையில் இருக்கும் உள்ளம் வீட்டில் மனைவி மக்களோடு இருக்கும்போது இல்லையே, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று பதறினார்கள். இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் உண்டு என்று நபியவர்கள் தேற்றியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஆகவே டீ நேரத்தில் பேசிச் சிரிப்பது குற்றமில்லை. முதலாளி வரும்போது செல்போனை மறைக்கிறோமே, அதுதான் உறுத்த வேண்டியது.

நானும் ஜமாஅத்தின் சம்பளக்காரன்தான். மதரஸா பிள்ளைகள் ஓதும்போது செல்போனைத் திறந்தால் எனக்கும் இதே கேள்விதான்.

எடுத்த நேரத்தை உழைத்துத் திருப்புங்கள். முடியாவிட்டால் உரியவரிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அது அடியானின் உரிமை, தவ்பா மட்டும் போதாது.

நமது சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக ஆக்குவானாக! ஆமீன்.