பொய்யும் கயிறும்

எண்ணூருக்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்தில் மேயும் சென்னைச் சிவப்பு ஆட்டு மந்தையில் பொலிகிடாவை யாரும் ஏமாற்றுவதில்லை. பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, முன்னங்காலால் தட்டிப் பார்த்து, அது தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது.

ஆராய்ச்சிப் பண்ணையின் தேவை வேறு. உதகை அருகே சாண்டிநல்லாவில் 1954இல் தொடங்கிய நிலையம் மெரினோ, ராம்புயே கிடாக்களின் இரத்தத்தை நீலகிரி ஆட்டில் கலந்து சாண்டினோ என்ற இனத்தை உண்டாக்கியது. இத்தகைய தேர்ந்த கிடாவின் வித்து பல மந்தைகளுக்குப் போக வேண்டும் என்றால் அதைச் சேகரித்தாக வேண்டும். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் மாடுகளில் ஆரம்பித்தது. ஆட்டுக்கும் முறை அதுதான். சட்டத்தில் ஒரு பெட்டையைக் கட்டுகிறார்கள். கிடா தாவும் கணத்தில், பக்கத்தில் குந்தியிருப்பவர் அதன் குறியைச் செயற்கை யோனிக்குள் திருப்பிவிடுகிறார். ரப்பர்க் குழாய், உள்ளே மெல்லிய உறை, இடையில் 42 முதல் 45 டிகிரி வரை வெந்நீர். ஒரே உந்தலில் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். அதில் சில நூறு கோடி உயிரணுக்கள்.

பழக்காத கிடாவுக்கு இன்னொரு வழி உண்டு. குதத்தில் கோலைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவது. இதில் பொய் இல்லை, ஆசையும் இல்லை. உடம்பு முறுக்கிக்கொள்கிறது, விந்து வருகிறது.

எது மேல்? கொலைகாரனிடமும் பொய் சொல்லலாகாது என்று 1797இல் வாதிட்ட காண்ட்டிடம் கேட்டுப் பயனில்லை. மிருகத்துக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்ல என்பது அவர் கட்சி. நான் பொய்யின் பக்கம். ஏமாற்றுவதற்கு எதிரே ஒரு ஜீவன் இருந்தாக வேண்டும். மின்கோலுக்கு ஒரு பாத்திரம் போதும். நீர் சுட்டுவிட்டால் கிடா அடுத்த முறை தயங்குகிறது. அதாவது, அது தீர்ப்புச் சொல்கிறது. பொய் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறது. தவிர, கிடா இழந்தது என்ன? மந்தைக் கிடாவும் குட்டிகளை உத்தேசித்துத் தாவுவதில்லை. ஆசை தன் பொருளை ஓரளவு கற்பித்துக்கொள்ளும் என்பதைக் காதல் கவிதை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் சட்டத்தில் கட்டியிருக்கும் பெட்டையை மறந்துவிட்டது தெரிகிறது. அதை யாரும் ஏமாற்றவில்லை. அவ்வளவு மரியாதைகூட அதற்குக் கிடையாது. பருவத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கயிறு இருக்கிறது. பொய்யா பலாத்காரமா என்று நான் பிரித்து வைத்தவை ஒரே கொட்டகையில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கிடாவைப் பொம்மைக்குப் பழக்கினால் இந்தக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். ஆனால் சேகரித்தது போய்ச் சேரும் இடமும் ஒரு பெட்டைதான். அதன் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக வளைந்தது. உறைய வைத்த விந்து அந்த வழியில் சரியாகப் பலிப்பதில்லை என்பதால் வயிற்றில் துளையிட்டுச் செலுத்துகிறார்கள்.

கிடாவுக்கு வெந்நீரின் சூட்டை அளந்து பார்க்கிறோம். என் நியாயமும் அதுவரைதான் அளந்திருந்தது.